எல்லாம் விழுகிறது, பங்குகளை விற்றுவிடலாமா?

7 ஏப்ரல் 2025, திங்கள், காலை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள மெர்பேங்க் வாசகி ஒருவரின் கேள்வி

"வயது 58. அரசுப் பள்ளி ஆசிரியை. 60இல் ஓய்வு பெற எண்ணம். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு யூனிட் டிரஸ்ட் (பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் நிதி), இரண்டு வங்கிகளின் பங்குகள், நாஸ்பர்ஸ் கம்பெனியின் பங்குகள் கொஞ்சம், என் ஆயுள் காப்புறுதிக்காக 1999இல் இலவசமாகக் கிடைத்த ஓல்ட் மியூச்சுவல் பங்குகள், இவைதான் என் சேமிப்பு. டிரம்ப் நம் நாட்டுப் பொருட்கள் மீது 30 சதவீத இறக்குமதி வரி அறிவித்ததிலிருந்து எல்லாம் சரிகிறது. கூட்டணி அரசு உடையும் என்கிறார்கள். மே 1 முதல் வாட் வரியும் ஏறுகிறது. மகள் மருத்துவம் நான்காம் ஆண்டு. உலகம் முழுவதும் மந்தநிலை வரும் என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டுவிடலாமா? இப்போதே விற்பதா, கொஞ்சம் ஏறும்வரை பொறுப்பதா?"

7 ஏப்ரல், மாலை

அக்கா, முக்கியமான செய்தியை நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். மகள் நான்காம் ஆண்டு மருத்துவம். ஆறாண்டுப் படிப்பு என்றால் இந்த ஆண்டின் மீதிக் கட்டணமும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் கட்டணமும் பாக்கி. அந்தப் பணம் எங்கிருந்து வரப்போகிறது? சம்பளத்திலிருந்து என்றால் சரி. இந்தப் பங்குகளிலிருந்து என்றால், அந்தத் தொகையை மட்டும் இந்த வாரமே விற்று எடுத்துவிடுங்கள். விலை ஏறட்டும் என்று பார்க்க வேண்டாம். பல்கலைக்கழகம் சந்தை மீளும்வரை பொறுத்திருக்காது.

மற்றதைப் பற்றி இன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். டிரம்ப் என்ன செய்வார், கூட்டணி என்ன ஆகும் என்பவை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தொலைக்காட்சியில் பேசுகிறவருக்கும் தெரியாது. எந்தப் பணம் எந்த மாதம் உங்களுக்குத் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் விற்க வேண்டும்.

ஒரு தாள் எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் செலவாகப் போகிறவற்றை எழுதுங்கள்: கட்டணம், கூரை வேலை, கார், கல்யாணம், எதுவானாலும். அந்தக் கூட்டுத்தொகை பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. சந்தை உச்சியில் இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

7 ஏப்ரல், இரவு

நாஸ்பர்ஸ் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இன்று ஹாங்காங் சந்தை ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1997க்குப் பிறகு அங்கே இவ்வளவு பெரிய ஒருநாள் சரிவு இல்லை. நாஸ்பர்ஸின் மதிப்பில் பெரும்பகுதி, 2001இல் அது வாங்கிய டென்சென்ட் என்ற சீன இணையக் கம்பெனியின் பங்கில் இருக்கிறது. டென்சென்ட் ஹாங்காங்கில் விழுந்தால் கேப் டவுன் கம்பெனியும் விழும். பிரிட்டோரியாவில் நடக்கும் கூட்டணிச் சண்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதுதான் நம் பங்கை விழவைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

8 ஏப்ரல்

வெருலம் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எல்லாவற்றையும் இன்றே விற்றுவிட்டு, இன்னும் 20 சதவீதம் விழுந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமே. இதில் என்ன கஷ்டம்?"

கஷ்டம் வாங்குவதில் இருக்கிறது, தம்பி. விற்பது ஒரு முடிவு, திரும்பப் போவது இன்னொரு முடிவு. முதலாவதைப் பயம் எடுத்துத் தந்துவிடும். இரண்டாவதை எடுக்க அதே பயம் விடாது.

என் மைத்துனர் 2020 மார்ச்சில் இதைத்தான் செய்தார். ஊரடங்கு அறிவிப்பு வந்தது. நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் நம் நாட்டை முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படிக்குக் கீழே இறக்கியது. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 27. ஜோகனஸ்பர்க் சந்தை பிப்ரவரியில் இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அவர் விற்றபோது அவருடைய காரணங்கள் எல்லாமே உண்மையான காரணங்கள். நாடு முழுவதும் கடைகள் மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. விற்ற அன்று நிம்மதியாகத் தூங்கினார், அதையும் நான் பார்த்தேன்.

ஏப்ரலில் சந்தை ஏறியது. "இது போலி ஏற்றம், இரண்டாவது சரிவு வரும்" என்றார். ஜூனில் இன்னும் ஏறியது. "நோய் இப்போதுதான் பரவுகிறது, இது எப்படி நிற்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஜூலையில் மருத்துவமனைகள் நிரம்பின. ஆனால் சந்தை திரும்பி விழவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குறியீடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 3.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அவருடைய பணம் உட்கார்ந்திருந்த கணக்கின் வட்டியும் அதோடு சேர்ந்து இறங்கியது. விட்ட விலையைவிட அதிகம் கொடுத்து வாங்க மனம் வரவில்லை. அந்த மனத்தடைதான் அவரை ஆண்டுக்கணக்கில் வெளியே நிறுத்தியது.

ஆகவே தம்பி, திரும்பி வாங்கும் விலையையும் நாளையும் இன்றே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன்படி நடப்பவர் நீங்கள் என்றால் விற்றுப் பாருங்கள். விழாவிட்டால் எந்தத் தேதியில் எப்படியும் திரும்புவீர்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். அந்த இரண்டாவது வரியை எழுதிய யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

10 ஏப்ரல்

நேற்று டிரம்ப் பெரும்பாலான நாடுகளுக்குப் புதிய வரியிலிருந்து 90 நாள் அவகாசம் தந்தார். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. முந்தைய வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளில் விட்டதை முழுக்கத் திரும்பப் பெறவில்லை, ஆனாலும் பெரும்பகுதி ஒரே பிற்பகலில் வந்துவிட்டது. செவ்வாய் இரவு விற்றவர் அதில் இல்லை.

மிக நல்ல நாட்களும் மிக மோசமான நாட்களும் ஒட்டியே வருகின்றன. மோசமானதை மட்டும் தவிர்க்க வழி இல்லை.

நேற்று நம் நாணயமான ராண்ட் டாலருக்கு 20ஐ நெருங்கித் திரும்பியது. "எல்லாவற்றையும் டாலராக்கி வெளியே அனுப்பிவிடு" என்று தன் மகன் நெருக்குவதாக டோங்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் பணம் வைப்பது நல்லதுதான். அதை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். ராண்ட் வரலாற்றிலேயே மிக மலிவாக இருக்கும் வாரத்தில் மொத்தத்தையும் அனுப்பினால், பயத்துக்கு அதிகபட்ச விலை கொடுத்ததாக ஆகும்.

12 ஏப்ரல்

மெர்பேங்க் அக்கா பதில் எழுதியிருக்கிறார். கட்டணத்துக்கான தொகையை யூனிட் டிரஸ்டிலிருந்து எடுத்துவிட்டார். அதை இரண்டு வங்கிகளில் பிரித்து வைத்திருக்கிறார். அது நல்ல வேலை. 2024 ஏப்ரலிலிருந்து வங்கி வைப்புகளுக்குக் காப்பு இருக்கிறது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை. 2014 ஆகஸ்டில் ஆப்பிரிக்கன் பேங்க் கவிழ்ந்தபோது இந்தக் காப்பு இருக்கவில்லை.

அவர் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார்: "ஓய்வு பெற இரண்டு ஆண்டுதான் இருக்கிறது. இந்த வயதில் பங்குகள் குறைவாக இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே."

இரண்டு நாளாக இதை யோசித்தேன். அக்கா அரசு ஆசிரியை. அவருடைய ஓய்வூதியம் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து வருகிறது. பணிக்காலத்தையும் கடைசிச் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியம் அது. சந்தை பாதியானாலும் மாதாமாதம் வரும் தொகை குறையாது. அப்படிப்பட்ட வருமானம் உள்ளவரின் பங்குகள் அடுத்த மாத மளிகைக்கானவை அல்ல. அவற்றை இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் தொட வேண்டிய தேவையே வராமல் போகலாம். வயதை மட்டும் பார்த்துச் சொல்லும் விதி அவருக்குப் பொருந்தாது.

அதே வயதில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து, சேமிப்பு முழுவதையும் லிவிங் ஆனுவிட்டி என்ற ஓய்வுக்காலத் திட்டத்தில் போட்டு அதிலிருந்து மாதப் பணம் எடுப்பவரின் நிலை முற்றிலும் வேறு. லெனேசியா அண்ணன் ஒருவர் அப்படித்தான். 67 வயது. ஆண்டுக்கு 9 சதவீதம் எடுக்கிறார். சட்டம் 2.5 முதல் 17.5 வரை அனுமதிக்கிறது, ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் பணம் தாங்கும் என்று பொருள் இல்லை. அண்ணா, உங்களைச் சந்தைச் சரிவு கவிழ்ப்பதற்கு முன் அந்த 9 சதவீதம் கவிழ்த்துவிடும். விழுந்த ஆண்டில் 9 எடுத்தால், மீள வேண்டிய பங்குகளையே விற்றுத் தின்கிறோம். எதை விற்பது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ஆனுவிட்டியின் அடுத்த ஆண்டு நிறைவு நாளில் எடுக்கும் விகிதத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று வீட்டில் பேசுங்கள். கடினமான பேச்சுதான். ஆனால் 75 வயதில் பேசுவது இதைவிடக் கடினம்.

13 ஏப்ரல்

நாட்டைப் பற்றிய பயம், சந்தையைப் பற்றிய பயம் இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா.

நான் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பவன். 2021 ஜூலைக் கலவரத்தில் தெரு முனைகளில் தடுப்புப் போட்டு இரவெல்லாம் ஆட்கள் நின்றார்கள். கடைகள் கொள்ளை போயின, கிடங்குகள் எரிந்தன, ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசை. ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 உயிர்கள் போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பக்கத்து ஊர்களின் கறுப்பின மக்கள். கலவரம் நடந்த குவாசுலு-நட்டால், கௌட்டெங் என்ற இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 350க்கு மேல். அந்தக் காயத்தைப் பற்றிப் பேசும் இடம் இது அல்ல. ஆனால் அந்த வாரத்தில் டர்பனில் இருந்த எவரும் இந்த நாட்டில் பணம் வைத்திருக்கலாமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டார்கள். நானும் கேட்டேன்.

அந்த மாத முடிவில் ஜோகனஸ்பர்க் சந்தையின் மொத்தக் குறியீடு மாதத் தொடக்கத்தைவிட மேலே இருந்தது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது, இவர்களுக்கு எங்கள் தெரு தெரியவில்லையா என்று. பிறகு அமைதியாகப் பார்த்தால் காரணம் எளிது. அந்தக் குறியீட்டில் அப்போது கனமாக இருந்தவை பிஹெச்பி, ஆங்லோ அமெரிக்கன், ரிஷ்மோன், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, நாஸ்பர்ஸ், புரோசஸ் போன்றவை. ஒன்று ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாது தோண்டுகிறது. ஒன்று பாரிஸிலும் ஷாங்காயிலும் நகை விற்கிறது. இவற்றின் வருமானம் டாலரிலும் யூரோவிலும் வருகிறது. நம் நாடு தடுமாறி ராண்ட் விழுந்தால், ராண்டில் பார்க்கும்போது இவற்றின் விலை ஏறவும் செய்யும். நாட்டைக் கண்டு பயந்து இவற்றை விற்று ராண்டாக வங்கியில் வைத்தால், பயப்படும் இடத்துக்கே பணத்தை முழுவதுமாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம்.

வங்கிகளும் துணிக்கடைகளும் மளிகைத் தொடர்களும் வேறு. அவை இந்த மண்ணோடு கட்டப்பட்டவை. 2015 டிசம்பர் 9 இரவு அப்போதைய அதிபர் ஜேக்கப் சூமா நிதியமைச்சர் நெனேயை நீக்கினார். அடுத்த இரண்டு நாளில் வங்கிப் பங்குகள் நொறுங்கின. ஞாயிறு இரவு பிரவீன் கோர்தான் திரும்ப நிதியமைச்சரானார், திங்கட்கிழமை அதே பங்குகள் பாய்ந்து ஏறின. மெர்பேங்க் அக்காவின் இரண்டு வங்கிகளும் இந்த வகை. கூட்டணி பற்றிய அவருடைய கவலை அந்த வங்கிப் பங்குகளுக்குப் பொருந்தும், நாஸ்பர்ஸுக்குப் பொருந்தாது. பயம் குறைய வேண்டும் என்றால் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

13 ஏப்ரல், சற்றுப் பிறகு

வெருலம் தம்பி விடவில்லை: "2020 மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? 2008ஐச் சொல்லுங்கள்."

சரியான கேள்வி. 2008 மே மாதம் குறியீடு 33,000க்கு மேல். நவம்பரில் 18,000க்குக் கீழே. மீண்டு வர மாதங்கள் போதவில்லை, ஆண்டுகள் பிடித்தன. 2020 ஒரு விதிவிலக்கான வேகம், அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது ஆபத்து. இதனால்தான் முதல் குறிப்பில் மூன்று ஆண்டு என்று எழுதினேன். லெனேசியா அண்ணன் போன்றவர்களுக்கு அந்த மூன்றும் போதாது, நான்கு அல்லது ஐந்து ஆண்டுச் செலவு சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். உறுதியான ஓய்வூதியம் உள்ளவருக்கு மூன்று போதும்.

19 ஏப்ரல்

நேற்று பெரிய வெள்ளி. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் போல் பெருங்கூட்டம். பிரசாத வரிசையில் நின்றபோதும் இதே பேச்சு. பங்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு, தங்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். தங்கம் கடந்த மாதம் அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டியது, இன்னும் ஏறுகிறது. பங்கை விற்று க்ரூகர்ராண்ட் தங்க நாணயம் வாங்கலாமா என்று ஒரு மாமா கேட்டார்.

க்ரூகர்ராண்ட் நல்ல பொருள்தான். 1967 முதல் வருகிறது, ஒரு நாணயத்தில் ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம். ஆனால் வட்டியும் தராது, ஈவுத்தொகையும் தராது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வியாபாரியின் பங்கு இருக்கிறது. வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு, இது பலருக்குத் தெரியாது: வீட்டு நகையை விற்றால் அது சொந்தப் பயன்பாட்டுப் பொருள், மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்தின் மீதான வரி) இல்லை. க்ரூகர்ராண்டை விற்றால் உண்டு.

மாமாவிடம் நான் கேட்டது, ஏற்கெனவே தங்கச் சுரங்கப் பங்கு இருக்கிறதா என்று. அவருடைய யூனிட் டிரஸ்டில் கோல்ட் ஃபீல்ட்ஸும் ஆங்லோகோல்டும் இருக்கின்றன, அவருக்கே தெரியாது. நிதியின் மாத அறிக்கையில் பத்துப் பெரிய பங்குகளின் பட்டியல் இருக்கும். விற்பதற்கு முன் அந்தப் பட்டியலையாவது படியுங்கள்.

25 ஏப்ரல்

வாட் உயர்வை நேற்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். வரி 15 சதவீதத்திலேயே நிற்கும். அக்காவின் கேள்வியில் இருந்த காரணங்களில் ஒன்று மூன்று வாரத்துக்குள் இல்லாமல் போனது.

4 மே

"எப்போதுதான் விற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பணம் தேவைப்படும்போது என்று சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு, அதில் தயக்கமே கூடாது: நாம் வாங்கியது என்று நினைத்த கம்பெனி உண்மையில் அங்கே இல்லை என்று தெரியும்போது.

ஸ்டெய்ன்ஹாஃப் என்ற மரச்சாமான் கம்பெனியைப் பாருங்கள். 2017 டிசம்பர் 5 இரவு தலைமை நிர்வாகி மார்க்கஸ் யூஸ்டே விலகினார், கணக்கில் முறைகேடு என்று கம்பெனியே அறிவித்தது. மறுநாள் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்று பலர் என்ன நினைத்தார்கள் என்று நன்றாக நினைவிருக்கிறது: "இவ்வளவு விழுந்துவிட்டது, இனி விற்று என்ன பயன், மீளட்டும்." மீளவில்லை. அடுத்த நாட்களில் மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி போனது. 2023இல் பங்கு சந்தையை விட்டே நீக்கப்பட்டது. 60 சதவீதம் விழுந்த அன்று விற்றவர்தான் கூடுதலாகப் பெற்றார்.

நம் பக்கத்தில் டோங்காட் ஹூலெட் சர்க்கரைக் கம்பெனி. நம் முன்னோர் வெட்டிய கரும்பின் மீது எழுந்த பெயர் அது, வடக்குக் கடற்கரையில் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு நம்பிக்கை. 2019இல் கணக்குகள் தவறு என்று தெரியவந்தது, பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் கம்பெனி மீட்பு நடவடிக்கைக்குள் போனது. வர்த்தகம் நிறுத்தப்பட்ட பிறகு விற்க நினைத்தாலும் முடியாது.

இங்கே எனக்குக் கண்டிப்பான கருத்து இருக்கிறது. மொத்தச் சந்தை விழுவது ஒரு செய்தி, ஒரு கம்பெனியின் கணக்கு பொய் என்பது வேறு செய்தி. முதலாவதில் பொறுமை உதவும், ஏனென்றால் ஒரு கம்பெனி போனாலும் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். இரண்டாவதில் பொறுமை மிச்சத்தையும் கொண்டுபோகும். தணிக்கையாளர் கையெழுத்திட மறுப்பது, ஆண்டறிக்கை தள்ளிப்போவது, நிதி இயக்குநர் காரணம் சொல்லாமல் விலகுவது, இவற்றைப் பார்த்தால் நட்டத்தில் இருந்தாலும் விற்றுவிடுவேன்.

இதைவிட முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த ஒரு கம்பெனியும் நம் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, சம்பளம் தரும் கம்பெனியின் பங்குகளைக் குவித்து வைக்கக் கூடாது. கம்பெனி கவிழும்போது வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும். பணியாளர் திட்டத்தில் கிடைத்த பங்குகளை, விதி அனுமதிக்கும் முதல் நாளிலேயே பகுதி பகுதியாக விற்க வேண்டும். இதை நன்றியில்லாத செயலாக நினைக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. அந்த உணர்வை மதிக்கிறேன், அந்த முடிவோடு உடன்பட மாட்டேன்.

5 மே

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. தூக்கம் வராத அளவுக்குப் பயம் இருப்பதும் விற்க நியாயமான காரணம்தான். என் மைத்துனர் கதையைச் சொல்லி அதை நான் தள்ளிவிட்டது போல் சிலர் படித்திருக்கிறார்கள். இரவில் எழுந்து விலை பார்க்கிறீர்கள் என்றால் உங்களிடம் பங்குகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. நாலில் ஒரு பங்கை விற்றுப் பாருங்கள். தூக்கம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். பகுதியாக விற்பவரால் மீதியோடு சந்தையில் இருக்க முடிகிறது. மொத்தமாக விற்றவரால்தான் திரும்ப முடிவதில்லை.

21 ஜூன்

வரி பற்றிக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் கணக்கெழுதும் வேலை பார்ப்பவன் என்பதால் இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன். சொந்த நிலைமைக்கு வரி ஆலோசகரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2026 பிப்ரவரியில் முடியும் இந்த வரி ஆண்டில் முதல் 40,000 ராண்ட் ஆதாயத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் உள்ளதில் 40 சதவீதம் வருமானத்தோடு சேரும். ஒருவர் 1,00,000 ராண்ட் ஆதாயத்தில் விற்கிறார் என்று வையுங்கள். 40,000 கழிந்தால் 60,000. அதில் 40 சதவீதம் 24,000. அவர் 31 சதவீத வரிப்படியில் இருந்தால் வரி 7,440 ராண்ட். அதே பங்கில் பாதியை வரி ஆண்டு முடியும் பிப்ரவரிக்குள், மறுபாதியை மார்ச் தொடங்கியதும் விற்றால் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும், விலக்கு அதே 40,000 என்றால் மொத்த வரி 2,480. நடுவில் சில நாட்கள்தான். விலையை ஊகிப்பதில் இவ்வளவு உறுதியான லாபம் யாருக்கும் கிடையாது.

நட்டத்தில் விற்று அந்த நட்டத்தைக் கணக்கில் காட்ட நினைப்பவர்கள் கவனியுங்கள்: 45 நாட்களுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கினால் அந்த நட்டத்தை உடனே கழிக்க விட மாட்டார்கள். வெருலம் தம்பியின் "விற்று வாங்கும்" யோசனைக்கு இதுவும் ஒரு தடை.

மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்றால் பொதுவாக அது மூலதன ஆதாயம்தான், வருமானம் என்று வாதிட மாட்டார்கள். அடிக்கடி விற்று வாங்குகிறவரின் லாபம் முழுவதும் வருமானமாகிவிடும் அபாயம் உண்டு.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே ஒரு நிதியை விற்று வேறொன்றுக்கு மாறலாம், வரி இல்லை. ஆனால் பயந்துபோய்ப் பணத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள். இந்த வரி ஆண்டில் 36,000, வாழ்நாளுக்கு 5,00,000 ராண்ட் என்ற வரம்பில் எடுத்த இடம் திரும்பக் கிடைக்காது. கட்டணம் கட்ட எதை விற்பது என்றால் இந்தக் கணக்கைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

9 ஆகஸ்ட்

ஜூலையில் சந்தைக் குறியீடு முதன்முறையாக 1,00,000ஐத் தொட்டது. தங்க, பிளாட்டினப் பங்குகள்தான் பெரும்பாலும் தூக்கின. அமெரிக்காவின் 30 சதவீத வரி இப்போது நடைமுறைக்கே வந்துவிட்டது, ஏப்ரலில் எல்லோரும் பயந்த அதே வரி. ராண்ட் 18க்குக் கீழே நிற்கிறது. டோங்காட் அண்ணனின் மகன் அன்று டாலர் வாங்கவில்லை என்று செய்தி வந்தது.

வரி வந்த பிறகு நம் ஊரில் உண்மையான துன்பம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிழக்குக் கேப்பில் கார்த் தொழிற்சாலைகளும் ஆரஞ்சுத் தோட்டங்களும் திணறுகின்றன, வேலைகள் போகின்றன. அந்தத் துன்பம் குறியீட்டில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேள்வி தலைகீழாகிவிட்டது: "இவ்வளவு ஏறிவிட்டது, விழுவதற்குள் விற்றுவிடலாமா?" ஏப்ரலில் விழுகிறது என்று விற்க நினைத்தவர்கள்தான் இப்போது ஏறியது என்று விற்க நினைக்கிறார்கள். என் பதில் மாறவில்லை, அடுத்த மூன்று ஆண்டுச் செலவு சந்தைக்கு வெளியே இருக்கிறதா? இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏறியதால் ஏதாவது ஒரு பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டிவிட்டதா? தங்கச் சுரங்கம் வைத்திருப்பவர்களில் பலருக்குத் தாண்டியிருக்கும். மிகுதியை விற்க இது நல்ல நேரம். கோயில் வரிசையில் பார்த்த மாமாவுக்கும் இதையே சொன்னேன். அவர் விற்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

10 ஆகஸ்ட்

மெர்பேங்க் அக்கா எழுதியிருக்கிறார். வங்கிப் பங்குகளில் ஒரு பகுதியை விற்று அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரத்தில் இரண்டு ஆண்டுக்குப் போட்டிருக்கிறார், மகளின் கடைசி ஆண்டுக்காக. நாஸ்பர்ஸும் யூனிட் டிரஸ்டின் மீதியும் அப்படியே இருக்கின்றன. அடுத்து ஓல்ட் மியூச்சுவல் இலவசப் பங்குகளை விற்கலாமா என்று கேட்கிறார், இலவசமாக வந்ததால் முழு விலையும் ஆதாயம் ஆகிவிடுமே என்ற கவலையோடு.

ஆகாது அக்கா. மூலதன ஆதாய வரி 2001 அக்டோபர் 1இல்தான் வந்தது. அதற்கு முன் கையில் இருந்த பங்குக்கு அன்றைய சந்தை விலையை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த விலைகளை வருவாய்த் துறையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் 2018இல் கம்பெனி பிரிந்தபோது உங்களுக்கு குவில்டர் பங்குகளும் நெட்பேங்க் பங்குகளும் வந்திருக்கும். பழைய அடக்க விலையை அந்த மூன்றுக்கும் பிரித்துப் போட வேண்டும். உங்கள் இரண்டு வங்கிகளில் ஒன்று நெட்பேங்க் என்றால் அது இப்படி வந்ததா, நீங்கள் வாங்கியதா என்று முதலில் பாருங்கள். 2018இல் வந்த கடிதங்களைத் தேடி எடுத்து வையுங்கள். பாதியை பிப்ரவரியிலும் மீதியை மார்ச்சிலும் விற்கலாம்.